திறந்த சந்தையும் வன்னிக் கமமும்



மாசி மாதத்திற் கண்டி வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், கிளிநொச்சி நகரைக் கடந்து பரந்தன் சந்தியை அணுகும்போது ஒரு காட்சியைக் காண்பர். வீதியின் ஓரங்களில் நெல் பரப்பப்பட்டிருக்கும். பெண்களும் முதியவர்களும் அதனைத் துழாவிக்கொண்டிருப்பர். முல்லைத்தீவுக்குப் பிரியும் வீதியிலும் பூநகரிக்குப் பிரியும் வீதியிலும் இதே காட்சிதான். சற்றுத் தூரத்திற் பாரவூர்திகள் காத்து நிற்கும். அவற்றுட் பல, வாங்கிய நெல்லைப் பொலனறுவையிலுள்ள ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வன. காயவிடக் களமும் சேர்த்துவைக்கக் களஞ்சியமும் உடைய கமக்காரன் சில வாரங்கள் பொறுத்து நல்ல விலைக்கு விற்பான். இவை இல்லாதவனோ ஈரநெல்லை அன்றைய விலைக்கே விற்றுவிடுவான். ஏனெனில் உழவு இயந்திரக் கூலியும் பசளைக் கடனும் அவன் வாசலில் வந்து நிற்கின்றன.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது பழமொழி. அது பிறந்த காலத்தில் உழவனின் கணக்கைக் கெடுத்தவை மழையும் பூச்சியும் வட்டிக்காரனுமே. இன்று அக்கணக்கு அவன் ஊருக்கு வெகுதொலைவிலும் எழுதப்படுகின்றது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் பொருளும், டொலரின் பெறுமதியும், நிதியமைச்சின் ஒரு வர்த்தமானி அறிவித்தலும் பரந்தன் வயலின் விளைச்சலுக்கு விலை குறிக்கின்றன. ஒரு விவசாய நாடு தன் சந்தையைத் திறக்கும்போது அதன் சமூகத்தில் நிகழும் மாறுதல்கள் யாவை என்பதனை, இப்பரந்தன் சந்தியை நடுவாக வைத்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பரந்தன், முரசுமோட்டை, உருத்திரபுரம் முதலான ஊர்களின் வாழ்வுக்கு ஆதாரமாய் இருப்பது இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தின் வேலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1920ஆம் ஆண்டளவில் நிறைவேறியது. பின்னர் அதன் அணை பலமுறை உயர்த்தப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்றோர் பலர் இங்கு வந்து காடு வெட்டிக் கழனி செய்தனர்.

இக்குளத்தின் கீழ் வாழ்வோரிடையே ஒரு நல்ல முறை நிலவுகின்றது. போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும். அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் அதிற் கூடுவர். குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, எத்தனை ஏக்கருக்கு அது போதும், துருசு திறக்கும் நாள் எது, விதைப்பை முடிக்கவேண்டிய நாள் எது, கால்நடைகளை எந்நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பன யாவும் அங்கே பேசி முடிவாகும். சிறுபோகத்தில் நீர் குறைவாயின், இருக்கும் நீரைப் பங்கிட்டு, பயிரிடும் நிலத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வர். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவனைப் போலவே அதன் கடையில் உள்ளவனும் எழுந்து பேசலாம். துருசை எப்போதும் மூடிவைத்தாற் பயிர் வாடும். முன்னறிவித்தலின்றித் திறந்தால் நாற்று அழியும். எப்போது, எவ்வளவு, யாருக்கு என்று கேட்டுத் திறப்பதே நீர்ப்பாசனத்தின் அறிவு. இவ்வறிவு சந்தையைத் திறப்போரிடம் இருந்ததா என்பதே இங்கு எழும் வினா.

முதலிற் சந்தை மூடியிருந்த காலத்தை நோக்குவோம். 1970ஆம் ஆண்டு பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம், வெளிநாட்டுச் செலாவணி வறுமையால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவை வெளியிலிருந்து வருவது ஏறக்குறைய நின்றது. அதன் பயனாக வடபகுதிக் கமக்காரனின் மிளகாய்க்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. 1960களின் பிற்பகுதியிற் படித்த வாலிபர்க்கென விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் ஏற்படுத்தப்பட்ட குடியேற்றங்கள் இக்காலத்திற் செழித்தன. உத்தியோகம் தேடி அலைந்த வாலிபர், நீரிறைக்கும் இயந்திரத்தின் துணையோடு மிளகாய் பயிரிட்டுக் கல்வீடு கட்டினர். உழவு இயந்திரம் வாங்கினர். கமத்தொழில் இழிவன்று, கற்றவனுக்கும் அது தொழிலாகும் என்னும் எண்ணம் ஒரு தலைமுறையின் உள்ளத்திற் பதிந்தது. இஃது அக்காலத்தின் நற்பேறு.

ஆயினும் அந்நற்பேற்றின் விலையை வேறு சிலர் கொடுத்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதே ஆண்டுகளிற் கொழும்பில் மக்கள் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றனர். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்திற்குக் கொண்டுசெல்லத் தடையிருந்தது. வீதிகளிற் சோதனைச் சாவடிகள் இருந்தன. எல்லாரிலும் மிகுதியாக வருந்தியோர் மலையகத் தோட்டத் தொழிலாளர். சொந்தமாகப் பயிரிட நிலமும் இல்லாமல், பங்கீட்டு உணவும் போதாமல், 1973, 1974ஆம் ஆண்டுகளில் அவர்கள் பட்டினியைக் கண்டனர். அவர்களுட் பலர் பிழைப்புத் தேடி வன்னிக்கு வந்தனர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின்னரும் அவ்வாறு வந்தோர் உண்டு. கிளிநொச்சி, தருமபுரம், வவுனியா ஆகிய இடங்களின் மிளகாய்த் தோட்டங்களிற் களை பிடுங்கியும் பழம் பறித்தும் அவர்கள் சீவித்தனர். அவர்களை மலையிலிருந்து இறக்கிய மூடிய பொருளாதாரமே வன்னியில் அவர்களுக்குக் கூலியும் கொடுத்தது. மூடிய கதவு ஒருவனுக்கு அரணாகவும் மற்றொருவனுக்குச் சிறையாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1977ஆம் ஆண்டு யூலை மாதத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தன தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றி பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் நாட்டின் பொருளாதாரப் பாதையையே மாற்றியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவை நீங்கின. இரட்டை நாணயமாற்று விகிதம் ஒழிந்து, ஒரு டொலருக்கு ஏறத்தாழ 16 ரூபா என்ற ஒரே விகிதம் வந்தது. 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதித் தொழில்களுக்கெனத் தனி வலயம் அமைந்தது. தென்னாசியாவில் இவ்வழியில் முதலில் இறங்கிய நாடு இலங்கையே. இந்தியா 1991ஆம் ஆண்டிலேதான் இவ்வழியை நாடியது.

இம்மாற்றத்தின் நன்மைகளையும் கூறல் வேண்டும். பாண் வரிசை மறைந்தது. அரிசிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. நீரிறைக்கும் இயந்திரத்தின் உதிரிப்பாகத்துக்கு மாதக்கணக்கிற் காத்திருந்த நிலை மாறியது. நகரத்தில் வாழும் ஏழைக்கு மிளகாயும் வெங்காயமும் மலிந்தன. எனினும், வன்னிக் கமக்காரனின் நிலை யாது? எந்தப் பொருளை நம்பி அவன் கடன்பட்டுக் கிணறு வெட்டினானோ, அதே பொருள் இந்தியாவிலிருந்து குறைந்த விலைக்கு வந்து இறங்கியது. விற்கும் பொருளின் விலை இறங்க, வாங்கும் பொருளின் விலை ஏறியது. ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததால் மண்ணெண்ணெயும் கிருமிநாசினியும் உயர்ந்தன. 1979ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏற்பட்ட எண்ணெய் விலையேற்றம் அச்சுமையைப் பின்னும் கூட்டியது. மிளகாய் செய்தவன் நெல்லுக்குத் திரும்பினான். நெல் செய்ய நீரில்லாத மேட்டுநிலத்தான் வேறு வழி தேடினான். கல்விக்குரிய வழிகள் சுருங்கியிருந்த தமிழ் இளைஞனுக்குக் கமமும் கைவிட்ட காலம் அது. பொருளாதாரக் காரணத்தை மட்டுமே கூறி அதன்பின் வந்த போரை விளக்கிவிட முடியாது. ஆயினும் அக்காரணத்தை விடுத்து விளக்கவும் முடியாது.

கூலிக்காரனின் நிலை இதனினும் கொடிது. 1977 ஆகஸ்ட் மாதக் கலவரத்தில் உடைமை இழந்த மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே இறக்குமதி திறந்துவிடப்பட்டது. தஞ்சம் புகுந்த இடத்திற் காணியும் இல்லை. நம்பிவந்த கூலியும் சுருங்கியது. அதே வேளையில் 1942ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த அரிசிப் பங்கீட்டு முறையும் மாற்றப்பட்டது. 1978இல் அது மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. 1979 செப்ரெம்பரிற் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. ஒரு கொத்து அரிசி என்றும் ஒரு கொத்து அரிசியே. முத்திரையில் அச்சிடப்பட்ட ரூபாவோ விலைவாசி ஏற ஏறத் தேய்ந்தது. இவ்வேறுபாடு பொருளியல் நூலிற் சிறிய விடயமாகத் தோன்றலாம். அடுப்படியில் அது பெரிய விடயமாயிற்று.

இனி, பரந்தனின் பெயரை நாடெங்கும் அறியச்செய்த தொழிற்சாலையைக் கருதுவோம். 1950களில் அரசாங்கம் இங்கு இரசாயனத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு அது கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்தது. உப்பு விளையும் இடத்தின் அருகிலேயே அதனைப் பயன்படுத்தும் ஆலை. அவ்வாலையிற் சுற்றுப்புற ஊரவர்க்கு மாதச் சம்பளம். அச்சம்பளத்தாற் சந்தியிற் கடை, கடையாற் கமக்காரனின் மரக்கறிக்கு விற்பனை என ஒன்றையொன்று தாங்கிய அமைப்பு அது. 1980களில் அதனை நிறுத்தியது போரேயன்றி இறக்குமதியன்று. ஆனால் அதன் பின்னர் நிகழ்ந்தது சிந்தனைக்குரியது. அவ்வாலையின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் தொடர்ந்து இயங்கியது. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினை அது வெளிநாட்டிலிருந்து தருவித்து விநியோகித்தது. பரந்தன் என்ற பெயர் கொள்கலத்தில் எஞ்சியது. பரந்தனின் உழைப்பு அதில் இல்லை.

போர்க்காலத்தில் வன்னி இன்னொரு வகையில் மூடப்பட்டது. 1990ஆம் ஆண்டு முதல் எரிபொருள், பசளை, சீமெந்து முதலான பொருள்கள் உள்ளே வரத் தடை இருந்தது. 2002ஆம் ஆண்டிற் கண்டி வீதி திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 சனவரியிற் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயின; மக்கள் யாவரும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் மீளக் குடியேறியபோது அவர்களிடம் மாடில்லை, இயந்திரமில்லை, விதைநெல்லில்லை, பல வீடுகளிற் குடும்பத் தலைவனும் இல்லை.

இவ்வாறு வெறுங்கையோடு நின்ற மக்களிடம் சந்தை இரண்டாம் முறையாகத் திறந்துவிடப்பட்டது. வீதி சீரானது, 2013ஆம் ஆண்டிற் புகையிரதம் கிளிநொச்சிக்கு வந்தது, மின்சாரம் வந்தது. இவை நன்மைகளே. அறிவியல்நகரில் எழுந்த ஆடைத்தொழிற்சாலை இளம்பெண்கள் பலருக்கு மாதச் சம்பளம் தந்தது. ஆனால் தொழில் வந்த வேகத்தினும் கடன் வந்த வேகம் பெரிது. உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் குத்தகைக் கடனில் முற்றத்துக்கு வந்தன. அறுவடை இயந்திரம் வந்ததும் பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது; அரிவு வெட்டிக் கூலிநெல் பெற்ற குடும்பங்களின் பானையில் அந்நெல் இல்லாமற் போயிற்று. எல்லார் நெல்லும் ஒரே வாரத்திற் சந்தைக்கு வரவே விலையும் அவ்வாரத்தில் வீழ்ந்தது.

நுண்நிதிக் கடன் இதனினும் நுட்பமான வலை. காணிக்கு உறுதியில்லாதவர்க்கும், அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளவர்க்கும் வங்கியின் கதவு எளிதில் திறப்பதில்லை. கடன் நிறுவனங்களோ காணி கேட்கவில்லை. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணையாக்கிக் கடன் கொடுத்தன. தவணைப்பணம் வாரந்தோறும் கட்டவேண்டும். நெல் விளைவதோ நான்கு மாதத்தில். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. வாரத்தவணைக்கும் போகவிளைச்சலுக்கும் இடையிலிருந்த இப்பொருத்தமின்மையே பல குடும்பங்களை ஒரு கடனை அடைக்க மறுகடன் எடுக்கும் நிலைக்குத் தள்ளியது. தவணை தவறியவளின் வாசலில் முதலிற் போய் நின்றவர்கள் அவளுடைய அயலவர்களே. உரலையும் அம்மியையும் ஒருவர்க்கொருவர் இரவல் கொடுத்து வாழ்ந்த ஊரில், பிணைக் கையெழுத்து அயலுறவைக் கெடுத்தது. 2018ஆம் ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்களுக்கு 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத இத்தகைய கடன்களிலிருந்து நிவாரணம் அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு நூற்றுக்கு 35 என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. உச்சவரம்பே 35 என்றால், அதற்கு முன் நடந்தது யாதென நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை கூறியதைக் கேட்டோர், இறக்குமதியைத் தடுத்துவிட்டால் யாவும் சரியாகிவிடும் என்று எண்ணுதல் கூடும். அவ்வெண்ணத்துக்கு 2021ஆம் ஆண்டு விடை பகர்ந்தது. அவ்வாண்டு அரசாங்கம் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. சேதனப் பசளையின் நன்மையைக் கமக்காரன் அறியாதவன் அல்லன். ஆயினும் ஒரு போகத்துக்குள் மண்ணை மாற்றிவிட முடியாது என்பதையும் அவன் அறிவான். நவம்பரிற் தடை நீக்கப்பட்டபோது காலபோக விதைப்பு நடந்து முடிந்துகொண்டிருந்தது. 2022 மாசியில் அறுவடை செய்தோர் குறைந்த விளைச்சலையே கண்டனர். அவ்வாண்டு ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. 1977இல் திறந்ததும் திடீரென. 2021இல் மூடியதும் திடீரென. இருமுறையும் வயலில் நிற்பவனிடம் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

பிறநாடுகளின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. வியட்நாம் 1986ஆம் ஆண்டில் தன் பொருளாதாரத்தைத் திறக்கத் தொடங்கியது. அங்கே கூட்டுப்பண்ணை நிலத்தின் பயன்பாட்டு உரிமை 1988இல் உழவர் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அந்நாடு அரிசி ஏற்றுமதியாளர் வரிசையில் நின்றது. மெக்சிக்கோ 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவுடனும் கனடாவுடனும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் இணைந்தது. அரச உதவி பெற்று விளைந்த அமெரிக்கச் சோளம் அங்கே நிறைந்தபோது, சிறு நிலமுடைய உழவர் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். இரண்டும் சந்தையைத் திறந்த நாடுகளே. ஒன்று உழவனின் கையில் முதலில் ஆதாரத்தைக் கொடுத்தது. மற்றையது வெறுங்கையனைப் பலவானோடு போட்டிக்கு விட்டது.

ஆகவே, திறப்பதா மூடுவதா என்பதன்று வினா. இலங்கை போன்ற சிறிய தீவு உலகத்தோடு கொடுக்கல் வாங்கலின்றி வாழ இயலாது. இரணைமடுவின் துருசு கற்பிக்கும் பாடமே இங்கும் வேண்டற்பாலது. இறக்குமதிப் பொருள்மீது விதிக்கப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு 2007ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே உள்ளது. அதுவே சந்தைக்குரிய துருசு. ஆனால் அதனை உயர்த்தும் நாளும் தாழ்த்தும் நாளும் விதைப்பின் முன்னரே கமக்காரனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். வெங்காயம் நட்டவன், அதனைக் கிண்டும் மாதத்திற் கப்பல் வருமா வராதா என்பதனை நடும்போதே அறிந்திருந்தால், எத்தனை பரப்பில் நடுவது என்று அவனே தீர்மானிப்பான். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீரின் கணக்கைப் பேசுவது போல, அப்போகத்தின் இறக்குமதிக் கணக்கையும் அதே கூட்டத்தில் வைத்துப் பேசினால் என்ன?

அதனோடு இன்னும் மூன்று வேண்டும். கிராமந்தோறும் நெல்லைக் காயவிடக் களமும், காத்துவைக்கக் களஞ்சியமும் முதலாவது. களஞ்சியத்தில் உள்ள நெல்லை ஈடாகக் கொண்டு, போகத்துக்குப் போகம் திருப்பிச் செலுத்தத்தக்க கடன் இரண்டாவது. கூட்டுறவுச் சங்கங்கள் வலுவாக இருந்த இப்பிரதேசத்தில் இஃது இயலாத காரியமன்று. தலைமுறைகளாகக் கூலிக்கு உழைத்தும் காணியற்றிருப்போர்க்குக் காணியும் அதற்குரிய உறுதியும் மூன்றாவது. ஆதாரமற்றவனுக்குத் திறந்த சந்தை, நீந்தத் தெரியாதவனுக்குத் திறந்த குளம் போன்றதே.

மாசி மாதத்திற் பரந்தன் சந்தியைக் கடப்போர், வீதியோரத்து நெல்லைக் கண்டு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என முகம் சுளித்தல் இயல்பு. அந்நெல் வீட்டுக் களத்திற் காயாமல் வீதியில் ஏன் காய்கின்றது என்று அவர்கள் ஒருகணம் சிந்திப்பாராயின், இங்கு கூறிய பொருளாதாரம் முழுவதும் அவர்களுக்கு விளங்கும். துருசைத் திறப்பவன் வாய்க்காலின் கடையிலுள்ள வயலையும் நினைத்துத் திறக்க வேண்டும். சந்தையைத் திறப்போருக்கும் அதுவே விதி.